வாசலில் சொல்ல ஒரு வாக்கியம்

ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று கோமதிநாயகம் முடிவுக்கு வந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு மாடு குறுக்கே போனது, அதுவும் மங்கலாகப் போனது. மாடு மங்கலா, கண்ணாடி மங்கலா? கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் கீழ்நுனியால் துடைத்து, திரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மாடுதான். ஆக அந்த வழியும் அடைபட்டது. இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, இன்னும் பாதிப் படம் இருக்கிறது, அந்தப் பாதிக்குள் ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தாக வேண்டும். சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தப் பிரிவியூ தியேட்டருக்கு ஒரே ஒரு வாசல். படம் முடிந்ததும் டைரக்டர் அந்த வாசலில் வந்து நின்றுகொள்வார். வந்தவர்கள் வரிசையாகப் போய்க் கையைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வெளியே போக முடியும், சாவு வீட்டில் துஷ்டி கேட்டுவிட்டுப் போவதுபோல. அதற்கென்று வார்த்தைகள் உண்டு. எல்லோரும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன வார்த்தைகள். கேமரா சூப்பர் என்றால் படம் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல முயற்சி என்றால் தயவுசெய்து இனி முயற்சி செய்யாதே. ரொம்ப உழைச்சிருக்கீங்க என்றால் பார்த்த நாங்களும்தான். அப்புறமா பேசுவோம் என்று ஒருவர் சொன்னால் அவரை அப்புறம் பார்க்கவே முடியாது. கோமதிநாயகம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிரிவியூ பார்த்து, எத்தனையோ வாசல்களில் இந்த வார்த்தைகளைக் கூசாமல் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதே மறந்தும் இருக்கிறார். ஆனால் இன்றைக்கு வாசலில் நிற்கப்போவது சுடலைமுத்து.

போஸ்டரில் எஸ்.எம். ஆதவன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் பக்கத்து பெஞ்சு, சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பக்கத்துப் பாய், பிறகு இவர் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் அவன் கோடம்பாக்கத்துக்கும் போனாலும் வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்து நாற்காலி. தலையில் பாதி நரைக்கும்வரை யார் யாருக்கோ உதவி டைரக்டராகவும் அசோசியேட்டாகவும் இருந்து, யார் யாரோ எழுதியதாகப் பெயர் போட்ட வசனத்தையெல்லாம் எழுதிக் கொடுத்து, இப்போதுதான், அத்தனை பேரும் இவன் அவ்வளவுதான் என்று கைவிட்ட பிறகு, முதல் படம். ‘ஓர் உழவனின் ஓங்கிய கை.’ பெயரைக் கேட்டதுமே கோமதிநாயகம் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "நல்லா ஓங்கியிருக்கு" என்று சொல்லிவைத்தார். நேற்று மத்தியானம் போன் பண்ணினான். "ஏ கோமதி, எல்லாவனும் கேமரா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான். நீயும் அப்படிச் சொல்லிராதடே. நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்லுவே. ரிலீஸுக்கு இன்னும் நாள் கிடக்கு. எதை வெட்டணும்னு நீ சொல்லுதியோ, கண்ணை மூடிக்கிட்டு வெட்டிருதேன். இது போச்சுன்னா எனக்கு அடுத்தது கிடையாது, பாத்துக்க. ஊருக்குப் போயிருவேன்." ஊருக்குப் போயிருவேன் என்று சுடலை சொல்வது புதிதில்லை, மேன்ஷனில் தண்ணீர் வராத நாளெல்லாம் சொல்லியிருக்கிறான். ஆனால் நேற்று அதைச் சத்தமே இல்லாமல் சொன்னான். போனை வைத்தபிறகு கோமதிநாயகத்துக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. சுடலை ஊருக்குப் போய்விட்டால் இந்தப் பட்டணத்தில் இவரைக் கோமதி என்று கூப்பிட ஒரு ஆள் இருக்காது. ஆபீசில் சார், சினிமா சங்கத்தில் தோழர், வீட்டில் என்னங்க. அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்லலாம்தான். உள்ளது என்ன? உள்ளது என்னவென்றால் முதல் பாதியில் அம்மா இருமினாள், கதாநாயகன் வெளிநாட்டிலிருந்து வந்தான், அம்மா இருமினாள், ஊர்க் குளத்தை ஒரு மில் முதலாளி வளைத்துப்போட்டிருந்தான், கதாநாயகன் கோபப்பட்டான், கோபப்பட்ட உடனே பனிமலையில் ஒரு பாட்டு வந்தது, பனிமலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அம்மா இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். இதில் சுடலை எங்கே இருக்கிறான்? அம்மா டிவி சீரியலிலிருந்து வந்தவள், சண்டை பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது, பாட்டு தயாரிப்பாளரின் மகனுக்குப் பிடித்ததாம். பக்கத்து நாற்காலியில் மனைவி உலகம்மாள் முதல் இருமலுக்கே முந்தானையை எடுத்துவிட்டாள். அவளுக்கு அழ ஒரு இருமல் போதும். வீட்டில் இரவு ஏழரைக்கு ஆரம்பித்து சீரியல் சீரியலாக அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக எழுந்து தோசை வார்க்கிற பெண்பிள்ளை. அவளுடைய அழுகையைப் பற்றி கோமதிநாயகம் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார், அடைக்கலராஜ் நடத்துகிற சிற்றிதழில். அவள் பெயரைப் போடாமல், ‘நுகர்வோர் கண்ணீர்’ என்ற தலைப்பில். அவள் அதைப் படித்தாளா என்று தெரியாது. படித்த மறுநாளோ படிக்காத மறுநாளோ, ரசத்தில் உப்பில்லை. நாக்கு மறுபடி கடைவாய்ப் பல்லுக்குப் போனது. இடைவேளையில் தந்த சமோசாவிலிருந்து ஒரு பட்டாணித் தோல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒளிப்பதிவும் இல்லை என்றால் இசை? இசையைப் பற்றிச் சொன்னால் எந்தப் பாட்டு என்று கேட்பான். எடிட்டிங்? எடிட்டிங் நன்றாக இருந்தது என்றால் எதை வெட்டச் சொல்வது? லொகேஷன். லொகேஷன் நல்ல வார்த்தை. ஆனால் அது நம்ம ஊர்க் குளம். ஆற்றையும் குளத்தையும் அவனா கட்டினான்? தோலை நாக்கு தொட்டது, வழுக்கியது, விட்டது. ஏசி நேராகப் பிடரியில் அடித்தது. வாக்கியம் வேண்டும், ஒரே வாக்கியம், பொய்யாகவும் இருக்கக்கூடாது, புண்படவும் கூடாது. அப்படி ஒரு வாக்கியம் தமிழில் இருந்தால் இத்தனை நூறு வருஷத்தில் யாராவது கண்டுபிடித்திருக்கமாட்டார்களா என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது தியேட்டரே சிரித்தது.

திடுக்கிட்டுப் பார்த்தார். இதுவரை செத்துக்கிடந்த தியேட்டர். இருட்டில் அங்கங்கே மின்மினி மாதிரி எரிந்துகொண்டிருந்த செல்போன்கள் அணைந்திருந்தன. திரையில் புதிதாக ஒருவன் வந்திருந்தான், கதாநாயகனின் பக்கத்து வீட்டுக்காரன், பெயர் அம்பலவாணன். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, கக்கத்தில் தலையணை தண்டிக்கு ஒரு புத்தகம். கதாநாயகனின் அம்மா அவனுக்கு ரசம் ஊற்றுகிறாள். ஒரு வாய் குடித்துவிட்டு மேலே பார்க்கிறான். தம்ளரைக் கீழே வைக்கிறான். "இந்த ரசத்துல பாத்தியன்னா, மூணு அடுக்கு இருக்கு" என்கிறான். அவ்வளவுதான். மறுபடி சிரிப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோமதிநாயகத்துக்கு விளங்கவில்லை. ரசத்தில் அடுக்கு உண்டுதானே? அடியில் பருப்பு, நடுவில் தெளிவு, மேலே தாளிப்பு. சரியாகத்தான் சொல்கிறான். சொல்கிற விதம்தான் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, எதையும் சாப்பிடாமல் எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கிற ஆசாமி. இப்படிப்பட்டவர்கள் உண்டு. நம்ம சினிமா சங்கத்திலேயே உண்டு. பொருளாளராக இருந்தாரே தில்லைநாயகம், அப்படியே அவர்தான். சுடலை நன்றாகத்தான் கவனித்திருக்கிறான் அந்த மனுஷனை. பாவம் தில்லைநாயகம், படம் வந்தால் வெளியே தலைகாட்ட முடியாது. கோமதிநாயகத்துக்கு முதல்முறையாக முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அடுத்த காட்சியில் மழை. அம்பலவாணன் கக்கத்துப் புத்தகத்தை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினான். பஸ் ஸ்டாப்பில் கதாநாயகன், "படிச்சு முடிச்சாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான். "இதெல்லாம் முடிக்கிற புத்தகம் இல்லடே, வாழுற புத்தகம்" என்றான் அம்பலவாணன், நனைந்த பக்கங்களை உதறிக்கொண்டே. உள்ளேயிருந்து ஒரு அடையாளச் சீட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாமல் முழித்து, சும்மா ஒரு பக்கத்தில் செருகினான். உலகம்மாள் குலுங்கினாள். நாற்காலி வரிசையே குலுங்கியது. தில்லைநாயகம் புத்தகம் படிக்கிறவர் இல்லையே என்று கோமதிநாயகம் நினைத்தார்.

அப்போதே விளங்கியிருக்கவேண்டும். விளங்கத்தான் செய்தது, ஆனால் மனசு ஒரு மாதிரி காது கேட்காததுபோல நடித்தது. முன்னொரு நாள் மவுண்ட் ரோடில் அந்த மழை. கையில் அந்த மொழிபெயர்ப்பு நாவல், வாங்கி எட்டு மாதமாகியும் அறுபதாம் பக்கத்தைத் தாண்டாத நாவல், அதைப் பற்றி சங்கக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தால் மழை. குடை இல்லை. பக்கத்தில் சுடலை, தலையில் கைக்குட்டையை நான்கு முனையும் முடிந்து கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து இவரையே பார்த்துக்கொண்டு. வாழுற புத்தகம் என்று இவர் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். அப்படி ஒரு அபத்தத்தை யாராவது சொல்வார்களா? சொன்னார். சொன்னது மட்டுமில்லை, ரொம்ப நல்ல வாக்கியம் என்று தோன்றி, பிறகு கட்டுரையிலும் சேர்த்தார். இல்லை, இது தற்செயல். மழை எல்லோருக்கும்தான் பெய்கிறது. கண்ணாடி மங்கியதுபோல இருந்தது. கழற்றினார். சட்டையின் கீழ்நுனியை எடுத்தார். திரையில் அம்பலவாணனும் ஏதோ யோசனையாகக் கண்ணாடியைக் கழற்றினான், சட்டையின் கீழ்நுனியை எடுத்தான், துடைத்தான், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான், ஒரு கண்ணை மூடினான். கோமதிநாயகத்தின் கையும் தூக்கியபடியே அந்தரத்தில் நின்றது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "கையைக் கீழ போடுங்க. மறைக்கி."

இருபது வருஷம் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோமே, அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றல்லவா நினைத்தோம், பாவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, வெட்கத்தை மறைக்க மறுபடி கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மூணு அடுக்கு இருக்கு என்று சொல்லியிருப்பேன். ஐயோ, அது நிஜமாகவே என் வாயில் வருகிற சொல்தானா? வருகிற சொல்தான். போன வாரம் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியபோதுகூட வந்தது. முன் வரிசையில் அடைக்கலராஜின் வழுக்கை மெதுவாகத் திரும்பியது, இருட்டில் பல் தெரிந்தது, மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டது. முடிந்தது. நாளைக்குச் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். படம் வெளியானால் ஆபீசில் தெரியும், பிறகு ஊரில் தெரியும். இனி எந்தக் கூட்டத்தில் எழுந்து கண்ணாடியைக் கழற்றினாலும் பின் வரிசையில் யாராவது கனைப்பார்கள். ஒரு மனுஷன் கண்ணாடியைத் துடைக்காமல் எப்படிக் கருத்துச் சொல்லமுடியும்? அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, ரொம்ப அமைதியாக, வாலைச் சுருட்டிக்கொண்டு பூனை வந்து மடியில் உட்காருவதுபோல. எதை வெட்டச் சொல்லுதியோ கண்ணை மூடிக்கிட்டு வெட்டிருதேன் என்றுதானே சொன்னான்? அம்பலவாணனை வெட்டு என்றால் வெட்டிவிடுவான். காரணம் கேட்கவே மாட்டான். கேட்டாலும் காரணமா இல்லை? படத்தின் தொனி கெடுகிறது. ஒரு மண்ணின் துயரத்தைச் சொல்கிற படத்தில் இந்தக் கேலிச் சித்திரம் ஒட்டாமல் நிற்கிறது. துணைப்பாத்திரம் மையத்தை விழுங்குகிறது. வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அதுவரை முண்டி முண்டியும் வராத வாக்கியங்கள், கம்பளம் விரித்ததுபோல வந்தன. அத்தனையும் அழகான வாக்கியங்கள். அத்தனையும் பொய். ஏனென்றால் தியேட்டர் உயிரோடு இருப்பதே அந்த ஆள் திரையில் இருக்கிறபோது மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதும் தெரியும். இத்தனை வருஷம் படம் பார்த்ததில் வேறு ஒன்றும் வரவில்லை என்றாலும் அந்த ஒன்று வந்திருக்கிறது, எது உயிர், எது சவம் என்று. அதை வைத்துக்கொண்டு உயிரை வெட்டச் சொல்வதா? சொன்னால் என்ன? யாருக்குத் தெரியும்? சுடலை நம்புவான். நம்பி வெட்டிவிட்டு, படம் விழுந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னது சரிதான்டே கோமதி என்பான். சொல்லக்கூடியவன். பட்டாணித் தோல் இன்னும் அங்கேயே இருந்தது.

இப்போது கல்யாண வீட்டுக் காட்சி. பந்தியில் அம்பலவாணன் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு இல்லறத்தின் அடுக்குகளை விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கி முடிப்பதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள். காலி மேஜையைப் பார்த்தான், சுற்றும் முற்றும் பார்த்தான், வாயைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டவன்போல எழுந்தான். தியேட்டர் வெடித்தது. கோமதிநாயகம் அந்த முகத்தைப் பார்த்தார். நடித்தவன் யாரோ புதுப் பையன் இல்லை, நாடகத்திலிருந்து வந்த ஆள்போல இருந்தது. அந்த எழுந்திருத்தலில் என்னவோ இருந்தது. யாருக்கும் தெரியாமல் பசியோடு எழுந்துபோகிற ஒரு மனுஷன். இவருக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று பல்லைக் கடித்தார், மூக்கு வழியாக வந்தது. உலகம்மாள் அவருடைய முழங்கையைக் கிள்ளினாள், ஆசையாகத்தான். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது கதாநாயகன் மில் முதலாளியிடம் சவால் விட்டுக்கொண்டிருந்தான். சரி, இது ஆகட்டும், அப்புறம் அவன் வருவான். அம்மா இருமினாள். அப்புறம் வருவான். குளக்கரையில் கூட்டம் கூடியது, ஊரே நின்றது, அம்பலவாணனைக் காணோம். ஊர்க்கூட்டத்தில் பேசாமல் இருக்கிற ஆளா அவன்? எனக்குத் தெரியாதா, முதல் ஆளாக எழுந்து குளத்துக்கு மூணு அடுக்கு இருக்கு என்று ஆரம்பித்திருக்கவேண்டாமா? ஒவ்வொரு காட்சி மாறும்போதும் கோமதிநாயகம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து ஓரமாக எங்கேயாவது அந்தக் கழுத்துப் பொத்தான் தெரிகிறதா என்று பார்த்தார். செல்போன்கள் ஒவ்வொன்றாக மறுபடி எரிய ஆரம்பித்தன. அடைக்கலராஜின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் யாரோ குறட்டைக்கு முந்தைய மூச்சு விட்டார்கள். எங்கே போனான் அவன்? இப்படியா ஒரு ஆளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கடாசுவது? கடைசியில் கதாநாயகன் குளத்துக்கு நடுவே நின்று கையை ஓங்கினான். கை மெதுவாக மேலே போனது. மேகம் நகர்ந்தது, கை இன்னும் மேலே போனது, கிராமத்துச் சனம் ஒவ்வொருவராகக் கையை ஓங்கியது, அத்தனை கையிலும் அந்த ஒரு மனுஷனின் கை மட்டும் இல்லை. கோமதிநாயகத்துக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கொஞ்சநேரத்துக்கு முன்னால்தான் அவனை ஒழித்துக்கட்ட வாக்கியம் செய்துகொண்டிருந்தோம் என்பது அந்த வருத்தத்துக்கு நடுவில் ஞாபகம் வந்து, நாக்கு பட்டாணித் தோலை விட்டது.

விளக்கு போட்டார்கள். எல்லோரும் எழுந்து, சோம்பல் முறித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். அவரவர் வாக்கியத்தை அவரவர் தயார் செய்துகொள்ளும் நேரம் அது. வாசலில் சுடலைமுத்து வந்து நின்றிருந்தான். புதுச்சட்டை, மடிப்புக் கலையாமல் நெஞ்சில் பெட்டிபோலக் கோடு. சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் பயத்தில் உதடு காய்ந்துபோய் அடிக்கடி நக்கிக்கொண்டான். வரிசை நகர்ந்தது. "கேமரா சூப்பர் சார்" என்றார் அடைக்கலராஜ். "தேங்க்ஸ் சார்" என்றான் சுடலை. "ரொம்ப உழைச்சிருக்கீங்க" என்றார் இன்னொருவர். "தேங்க்ஸ் சார்." அந்த ஒவ்வொரு தேங்க்ஸிலும் அவன் கொஞ்சம் குள்ளமாகிக்கொண்டே வந்ததாகக் கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. பிறகு இவருடைய முறை. சுடலை இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டும் ஈரமாக, ஜில்லென்று இருந்தன.

"சொல்லு" என்றான்.

"அந்த அம்மா இருமுததைப் பாதியாக் குறை. பனிமலைப் பாட்டை முழுசாத் தூக்கு. கடைசியில அவன் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கான், எனக்குத் தோளு வலிக்கி. அதையும் வெட்டு."

சுடலை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். யாரும் அடிக்காமலே அடிவாங்குகிற முகம். "சரி. வெட்டிருதேன். அப்புறம்?"

"அம்பலவாணன்."

பிடித்திருந்த கை தளர்ந்தது. "அதுக்குத்தான்டே பயந்துக்கிட்டு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லவேண்டாம், கோமதி. இன்னைக்கே தூக்கிருதேன். ஏதோ எழுதும்போது தன்னால வந்துட்டு. வேணும்னு பண்ணலடே."

"தூக்கவா? எங்க போனான் அவன்? கல்யாண வீட்டுக்கு அப்புறம் ஆளையே காணோம். ஊர்க்கூட்டத்துல பேசாம இருக்கிற ஆளாடே அவன்?"

சுடலை முழித்தான். பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து காது கொடுத்தார்கள்.

"இருந்தான்" என்றான் மெதுவாக. "கடைசி வரைக்கும் இருந்தான். நீ பாக்க வாரேன்னு சொன்னபிறகு எடிட்டர் பக்கத்துல உக்காந்து நான்தான் எடுத்தேன். உனக்குச் சங்கடமாயிருமேன்னு. எடிட்டர் திட்டினாரு. முழுசாவே எடுக்கணும்னுதான் பாத்தேன், மனசு கேக்கல."

இந்த மடையன் தன் படத்தையே எனக்காக வெட்டியிருக்கிறான் என்று கோமதிநாயகம் நினைத்தார். "எடுத்தது எல்லாத்தையும் திரும்பப் போடு" என்றார். சொல்லும்போது சங்கமும் ஆபீசும் ஊரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சிரிப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டார்.

"நிசமாத்தான் சொல்லுதியா?"

"நிசமாத்தான்." பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அதுல நான் என்ன பண்ணுதேன்?" என்று கேட்டார்.

அவன் என்று கேட்கப்போய் நான் என்று வந்துவிட்டது. சுடலை அதைக் கவனித்தான். பிடி மறுபடி இறுகியது.

"அழுதுக்கிட்டு இருக்கே."

"என்னது?"

"மேட்னி ஷோ. ஒரு மகா மட்டமான அண்ணன் தங்கச்சிப் படம். நீ தனியாப் போய் ஓரத்துல உக்காந்து, கைக்குட்டையை வாயில அடைச்சிக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதே. எங்கிட்ட அன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லியிருந்தே."

"எங்கிட்டயும் ஆடிட்டுன்னுதான் சொன்னாங்க" என்றாள் பின்னாலிருந்து உலகம்மாள்.

கோமதிநாயகத்துக்குக் காதுமடல் இரண்டும் சூடாகிவிட்டன. யாருக்கும் சொல்லாத ஒன்று, தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று. அந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டி விமர்சனம்கூட எழுதியிருந்தார், மறுநாளே. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பின்வரிசையில நானும் அழுதுக்கிட்டுல்லா இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம்லா?"

"எப்படிடே கூப்பிட? எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. நீ பாத்தியன்னா என்ன நினைப்பே? அதான் படம் முடிஞ்சு திரையில வணக்கம் போடுறதுக்கு முன்னால குனிஞ்சே வெளிய ஓடிட்டேன்."

வரிசை பின்னால் முட்டிக்கொண்டிருந்தது. யாரோ, கொஞ்சம் நகருங்க சார், என்றார்கள். கோமதிநாயகம் நகரவில்லை.

"அந்த சீன்ல பின்வரிசையில நீ இருக்கியா?"

"நானா? நான் எதுக்குடே? இல்ல."

"அதான்டே படத்துல குறை" என்றார் கோமதிநாயகம்.